டபுள்ஸை மட்டும் நம்பி ஒரு பேட்மின்டன் வாழ்க்கை அமையுமா?

கேள்வி சுருக்கமாக: மகளுக்கு 14 வயது. மாவட்டப் போட்டிகளில் சிங்கிள்ஸில் கால் இறுதியைத் தாண்டுவதில்லை. டபுள்ஸில் யாரோடு சேர்த்துவிட்டாலும் இறுதிவரை வந்துவிடுகிறாள். கோச் "இனிமே டபுள்ஸ் பக்கம் போகலாம்" என்கிறார். வீட்டிலோ "சிங்கிள்ஸ் வராதவங்கதானே டபுள்ஸ் ஆடுவாங்க" என்று பேச்சு. டபுள்ஸ் ஆடியே ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரராக வாழ முடியுமா? எத்தனை வயது வரை?

முடியும். சிங்கிள்ஸை விட நாலைந்து வருடம் கூடுதலாகவே ஆடலாம். ஆனால் சிங்கிள்ஸ் ஆட்டக்காரரை அளக்கிற அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் ஒன்றும் பிடிபடாது. சிங்கிள்ஸில் ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம் என்று ஒரே கோடு. டபுள்ஸில் ஒருவரின் வாழ்க்கை இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும், துண்டுக்கு ஒரு பார்ட்னர். பார்ட்னருக்கு முட்டி போனாலோ, அவர் ஓய்வு பெற்றாலோ, கோச் பிரித்துவிட்டாலோ, பரமபதத்தில் பாம்பு கடித்த கதைதான். கீழே வந்து திரும்ப ஏற வேண்டும். அதைத் தாங்குகிற மனசும், யார் பக்கத்தில் நின்றாலும் அவரை நன்றாக ஆடவைக்கிற கையும் இருப்பவர்தான் இதில் நிலைக்கிறார். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்ட சொல் "யாரோடு சேர்த்துவிட்டாலும்" என்பதுதான்.

முதலில் வீட்டுப் பேச்சுக்குப் பதில். கோர்ட்டின் நீளம் இரண்டு ஆட்டத்துக்கும் 13.4 மீட்டர். அகலம் சிங்கிள்ஸுக்கு 5.18, டபுள்ஸுக்கு 6.1. இதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. டபுள்ஸில் சர்வீஸ் விழ வேண்டிய கட்டத்தின் பின்கோடு 76 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் விஷயம். சிங்கிள்ஸில் சர்வீஸை உயரத் தூக்கிக் கடைக்கோட்டில் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். டபுள்ஸில் தூக்கினால் காக் (இறகுப்பந்து) எதிராளிக்கு வசமான இடத்திலேயே இறங்கும். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் எல்லோரும் பேக்ஹேண்டில், வலையை உரசிக்கொண்டு போகிற மாதிரி குட்டையாகச் சர்வீஸ் போடுகிறார்கள். ரிசீவ் பண்ணுகிறவர் முன்கோட்டை ஒட்டிக் காலை வைத்து, ராக்கெட்டைத் தலைக்கு மேல் நிமிர்த்திக்கொண்டு, பாயத் தயாராக நிற்பார். காக் வலைக்கு மேலே ஒரு விரற்கடை அதிகமாக எழும்பினால் போதும், சர்வீஸ் போட்டவரின் தோளிலோ நெஞ்சிலோ வந்து அறையும்.

சர்வீஸ், ரிசீவ், மூன்றாவது அடி. பெரிய ஆட்டங்களில் இந்த மூன்றுக்குள்ளேயே யார் கை ஓங்கப்போகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி. சர்வீஸ் மேல் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு எப்போதும் ஒரு கண் வைத்திருப்பதும் இதனால்தான். முன்பு இடுப்புக்குக் கீழே என்று அம்பயரின் கண்மதிப்பில் விட்டிருந்ததை 2018-இல் தரையிலிருந்து 1.15 மீட்டர் என்று நிர்ணயித்தார்கள். காக்கைச் சுழற்றிவிட்டு அடிக்கும் ஸ்பின் சர்வீஸ் 2023-இல் பரவத் தொடங்கியதும் சில மாதங்களுக்குள் தடை வந்துவிட்டது. அதைத் திருப்பி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது, பல பாயின்ட்கள் ஓரிரு அடியிலேயே முடிந்துபோயின.

அப்புறம் சுற்றி வருவது. அடிக்கும்போது ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. தடுக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. ஒரே பாயின்ட்டில் இந்த மாற்றம் நாலைந்து தடவை நடக்கும், யாரும் வாய் திறந்து சொல்லாமலே. முன்னால் நிற்பவருக்குப் பின்னால் இருப்பவர் என்ன அடிக்கிறார் என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பினால் பார்ட்னர் அடிக்கும் ஸ்மாஷ் நேராகக் கண்ணில் படலாம். டபுள்ஸில் கண் காயங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம், பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டியது. எதிராளியின் தோளையும் ராக்கெட்டையும் பார்த்தே பின்னால் என்ன நடந்தது என்று ஊகித்து வலையை அடைக்க வேண்டும். சிங்கிள்ஸில் நன்றாக ஓடுகிற பிள்ளைக்கு இது தானாக வராது. ஆகவே சிங்கிள்ஸில் தேறாதவர் ஒதுங்கும் இடம் என்று இதைச் சொல்வது சரியில்லை. இரண்டும் இரண்டு ஆட்டம்.

டபுள்ஸ் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒரே ஒருவரை வைத்துக் காட்டச் சொன்னால் நான் இந்தோனேசியாவின் கிரேசியா பொலியைத்தான் காட்டுவேன். 1987-இல் ஜகார்த்தாவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தேசிய அணி. ஜோ நோவிட்டா, மெயிலியானா ஜௌஹாரி என்று பார்ட்னர்கள் மாறி, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு ஜௌஹாரியோடு போனார். அந்த வருடம்தான் ஒலிம்பிக் டபுள்ஸில் முதன்முறையாகக் குரூப் சுற்று வைத்தார்கள். குரூப்பில் தோற்றால் நாக்-அவுட்டில் சுலபமான எதிராளி கிடைக்கும் என்ற கணக்கு சிலருக்கு உதித்தது. ஜூலை 31 இரவு வெம்ப்ளி அரங்கில் முதலில் சீன ஜோடியும் கொரிய ஜோடியும், அடுத்து இன்னொரு கொரிய ஜோடியும் பொலி–ஜௌஹாரியும், தோற்பதற்காகப் போட்டி போட்டு ஆடினார்கள். சர்வீஸை வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள். கூட்டம் ஊளையிட்டது. மறுநாள் நான்கு ஜோடிகளையும் ஒலிம்பிக்ஸிலிருந்தே நீக்கினார்கள். கிரேசியாவுக்கு அப்போது 24 வயது, பதினோரு நாளில் 25. பேட்மின்டனை மதம் மாதிரி பார்க்கும் நாட்டுக்கு அந்தப் பெயரோடு திரும்ப வேண்டியிருந்தது.

சிங்கிள்ஸ் ஆட்டக்காரர் என்றால் அதோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டும். டபுள்ஸில் அடுத்த அத்தியாயம் இன்னொரு ஆளோடு தொடங்கும். நித்யா கிரிஷிந்தா மகேஸ்வரியோடு சேர்ந்தார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம், 2015 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 2016 ரியோவில் கால் இறுதியோடு முடிந்தது. அதன்பின் நித்யாவுக்கு முட்டி அறுவைச் சிகிச்சை. கிரேசியாவுக்கு 29 வயது, பார்ட்னர் இல்லை. போதும் என்று நிறுத்திவிடும் யோசனைக்கு வந்துவிட்டார். கோச் எங் ஹியான் அவரை விடவில்லை. இளம் பெண்களைத் தூக்கிவிட இன்னும் கொஞ்ச நாள் இரு என்றார். அப்படி 2017-இல் பக்கத்தில் வந்து நின்ற பெண் அப்ரியானி ரஹாயு, 19 வயது. தென்கிழக்குச் சுலவேசியின் கிராமத்திலிருந்து வந்தவர், கிரேசியாவை விடப் பத்து வயது இளையவர்.

சேர்ந்த சில வாரங்களிலேயே தாய்லாந்து ஓபன், அதே ஆண்டில் பிரெஞ்சு ஓபன். 2018-லும் 2019-லும் டெல்லிக்கு வந்து இந்தியா ஓபனைத் தட்டிச் சென்றார்கள். இரண்டு ஆண்டும் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். ஆனாலும் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போகும்போது அவர்களுக்குத் தரநிலை இடம்கூட (சீடிங்) இல்லை. யாருடைய கணிப்பிலும் தங்கத்துக்கு அவர்கள் பெயர் இல்லை. குரூப்பில் ஜப்பானின் ஃபுகுஷிமா–ஹிரோட்டாவை வென்றார்கள். அரையிறுதியில் கொரியாவின் லீ சோ-ஹீ, ஷின் சியுங்-சான். 2021 ஆகஸ்ட் 2, இறுதியில் சீனாவின் சென் சிங்சென்–ஜியா யிஃபான், 21-19, 21-15. பெண்கள் டபுள்ஸில் இந்தோனேசியாவுக்கு அதுவரை ஒலிம்பிக் தங்கமே கிடையாது.

அந்த இறுதியில் ஒரு காட்சி உண்டு, கிடைத்தால் மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவது கேமில், பாயின்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரேசியாவின் ராக்கெட்டில் நரம்பு அறுந்துவிட்டது. அவர் கோர்ட்டை விட்டு ஓரத்துக்கு ஓடி, பையிலிருந்து வேறு ராக்கெட்டை உருவிக்கொண்டு திரும்ப ஓடிவருகிறார். அந்தச் சில நொடிகள் ஒலிம்பிக் இறுதியில், இரண்டு சீனர்களுக்கு எதிராக, அப்ரியானி தனியாகக் கோர்ட் முழுக்கப் பார்த்துக்கொள்கிறார். பதறவில்லை. உயரத் தூக்கி நேரம் வாங்கித் தருகிறார். "நீ போய் எடுத்துட்டு வா" என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நாலு வருடம் சேர்ந்து ஆடியதன் பலன் பதக்கத்தை விட அதில்தான் எனக்குத் தெரிந்தது.

2022 ஜூனில் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில், இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதி நாளில் விடைபெற்றார். உலகக் கூட்டமைப்பின் வீரர்கள் ஆணையத்துக்குத் தலைவராகவும் இருந்திருக்கிறார். லண்டனில் ஒலிம்பிக்ஸிலிருந்தே நீக்கப்பட்டவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பிடித்து நிறுத்திய எங் ஹியானும் டபுள்ஸ்காரர்தான். 2004 ஏதென்ஸில் ஃப்ளாண்டி லிம்பெலேயோடு வெண்கலம் வாங்கியவர். அந்த லிம்பெலே பிற்பாடு நம் இந்திய டபுள்ஸ் அணிக்குக் கோச்சாக வந்தார். டபுள்ஸ் உலகம் சின்னது, ஆட்டம் முடிந்தவர்கள் ஏதாவதொரு நாட்டின் பயிற்சி அரங்கில் மறுபடி முளைத்துவிடுவார்கள்.

சரி, காசு, ரேங்கிங் என்று பேசுவோம். இங்கேதான் பெற்றோர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

உலகத் தரவரிசை கடந்த 52 வாரங்களில் சிறந்த பத்துப் போட்டிகளின் புள்ளிகளை வைத்துப் போடப்படுகிறது. டபுள்ஸில் அந்தப் புள்ளிகள் ஜோடிக்குச் சொந்தம். ஜோடி பிரிந்தால் உங்கள் இடமும் போயிற்று. புது ஜோடி சின்னச் சின்ன போட்டிகளிலிருந்து சேர்த்துக்கொண்டு வர வேண்டும். ஒலிம்பிக்ஸில் டபுள்ஸின் ஒவ்வொரு பிரிவிலும் 16 ஜோடிகள்தான். ஒரு நாட்டுக்கு இரண்டு ஜோடி வேண்டுமென்றால் இரண்டு ஜோடியுமே தரவரிசையில் முதல் 8-க்குள் இருக்க வேண்டும். 2024 பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து பெண்கள் டபுள்ஸில் ஒரே ஜோடிக்குத்தான் இடம். பேட்மின்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் இரண்டு முறை அரையிறுதி ஆடிய ட்ரீசா ஜாலி–காயத்ரி கோபிசந்த் வீட்டில் இருந்தார்கள். அஷ்வினி பொன்னப்பா–தனிஷா கிராஸ்டோ போனார்கள்.

பரிசுத் தொகையில், உலகக் கூட்டமைப்பு நடத்தும் வேர்ல்டு டூர் போட்டித் தொடரின் கணக்கு இப்படி: மொத்தத் தொகையில் சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 7 சதவீதம், டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 7.4 சதவீதம். பத்து லட்சம் டாலர் போட்டி என்று வைத்தால் சிங்கிள்ஸ்காரர் 70,000 எடுத்துப் போவார், டபுள்ஸ் ஜோடி 74,000-ஐப் பங்கிட்டு ஆளுக்கு 37,000. கிட்டத்தட்டப் பாதி. விமான டிக்கெட்டோ ஓட்டலோ பாதி விலைக்குக் கிடைக்காது. அந்தத் தொடரில் சூப்பர் 300 என்கிற சற்றுச் சின்ன போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றால் கையில் ஒன்றும் வராது. ஆகவே முதல் முப்பது ஜோடிகளுக்கு வெளியே இருப்பவர் பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்துகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பின்னே எப்படி நடக்கிறது? இந்தியாவில் வேலைதான் முதுகெலும்பு. ரயில்வே, பெட்ரோலிய நிறுவனங்கள், வருமான வரித்துறை, விமான நிலைய ஆணையம் போன்ற இடங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுக்கின்றன. தமிழ்நாட்டு அரசு வேலைகளிலும் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே பார்ப்பது தேசியப் போட்டிப் பதக்கம், அகில இந்தியப் பல்கலைக்கழகப் பதக்கம் முதலியவை. பதக்கம் சிங்கிள்ஸா டபுள்ஸா என்பது பெரும்பாலும் இரண்டாம்பட்சம். நம்மூரில் சிங்கிள்ஸ் வரிசை நீளம், டபுள்ஸில் நல்ல ஜோடிகள் கம்மி என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வேலை என்ற கோணத்தில் உங்கள் கோச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு வழி வெளிநாட்டு கிளப் லீக்குகள். ஜெர்மனியின் பண்டஸ்லிகா, டென்மார்க் லீக் போன்றவற்றில் அணிகள் சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கின்றன. ஒரே மாலையில் பெண்கள் டபுள்ஸும் மிக்ஸடும் (ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது) ஆடக்கூடிய பெண் என்றால் கிளப்புக்கு ஒரே சம்பளத்தில் இரண்டு மேட்ச். இந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மிக்ஸடைப் பற்றி நம்மூரில் யாரும் பேசுவதே இல்லை. பெண்ணுக்கு அங்கே பெரும்பாலும் முன்கோர்ட் வேலை. வலைக்கிட்டே கை வேகமும் துணிச்சலும் வேண்டும். சீனாவின் ஜாவ் யுன்லெய் 2012 லண்டனில் பெண்கள் டபுள்ஸ், மிக்ஸட் இரண்டிலும் தங்கம் வாங்கினார். உலக அளவில் இப்போது பெரும்பாலானவர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், உடம்பு தாங்காது. ஆனால் 17, 18 வயது வரை இரண்டும் ஆடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வயதுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட் 25, சுவிட்சர்லாந்தின் பாசல். சிந்து உலக சாம்பியன் ஆன நாள் என்று நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அதே நாள், அதே அரங்கில் ஆண்கள் டபுள்ஸ் இறுதியில் இந்தோனேசியாவின் ஹெந்திரா செத்தியவான், முகமது அஹ்சானோடு சேர்ந்து ஜப்பானின் ஹோக்கி–கோபயாஷியை வென்று உலக சாம்பியன் ஆனார். அன்று ஹெந்திராவுக்கு 35-ஆவது பிறந்தநாள். நம்மூரில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய வாழ்க்கையும் துண்டு துண்டுதான். முதல் துண்டு மார்கிஸ் கிடோவோடு: 2007 உலக சாம்பியன், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம், 2010 ஆசிய விளையாட்டுத் தங்கம். நடுவே இருவரும் தேசிய முகாமை விட்டு வெளியேறிச் சொந்தமாக ஆடினார்கள். 2012 லண்டனுக்கு இடம் கிடைக்கவில்லை. நடப்பு ஒலிம்பிக் சாம்பியன்கள் டிவியில் பார்த்தார்கள். அந்த லண்டனுக்குப் போனது அஹ்சானும், கிடோவின் தம்பி போனா செப்தானோவும். லண்டன் முடிந்ததும் ஹெந்திரா முகாமுக்குத் திரும்பினார், தம்பியின் பார்ட்னர் அண்ணனின் பார்ட்னரோடு ஜோடி சேர்ந்தார். சேர்ந்த முதல் முழு ஆண்டிலேயே, 2013-இல், மலேசியா ஓபன், இந்தோனேசியா ஓபன், உலக சாம்பியன்ஷிப். 2015-இல் சொந்த நாட்டில், ஜகார்த்தாவில் மறுபடி உலகப் பட்டம். ரியோவில் குரூப்பிலேயே வெளியே. பிரிந்தார்கள். ஹெந்திரா மலேசியாவின் டான் பூன் ஹியோங்கோடு ஓராண்டு ஆடிப் பார்த்தார். 2018-இல் திரும்ப அஹ்சானிடமே வந்தார். ரசிகர்கள் ‘டாடீஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் அப்பாக்கள். 2019 ஆல் இங்கிலாந்தில் அரையிறுதியில் ஹெந்திராவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மறுநாள் இறுதியில் சரியாக ஓட முடியாமல் ஆடியே மலேசியாவின் ஆரோன் சியா–சோ வூய் யிக்கை மூன்று கேமில் வென்றார்கள். ஓய்வு 2025 ஜனவரியில், 40 வயதில்.

ஓடவே முடியாதவர் ஒரு ஆல் இங்கிலாந்து இறுதியை எப்படி வெல்வார்? ஹெந்திராவின் பலம் கால் அல்ல, கை. ரிசீவில் காக்கைத் தொடும் கடைசி நொடியில் வேகத்தை உறிஞ்சிவிடுவார். அது எதிராளி இரண்டு பேருக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் விழும். அவர்கள் வேறு வழியில்லாமல் தூக்குவார்கள். பின்னால் அஹ்சான் அடிப்பார். கைதட்டல் அஹ்சானுக்கு. இந்தக் கலை 35-இலும் தேயாது. உயரம், வேகம், துள்ளல் எல்லாம் 30-க்கு மேல் கழியத் தொடங்கும்போது கையும் கணிப்பும் மட்டும் கூடிக்கொண்டே போகும் என்பதால்தான் டபுள்ஸ்காரர்கள் நீண்ட காலம் நிற்கிறார்கள்.

அவருடைய முதல் பார்ட்னர் கிடோ 2021 ஜூனில், 36 வயதில், ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். கொரியாவின் டபுள்ஸ் ஆட்டக்காரர் ஜங் ஜே-சங்கும் 2018-இல் இளம் வயதிலேயே இதயக் கோளாறால் போனார். பயமுறுத்தச் சொல்லவில்லை. போட்டியாட்டத்தில் இறங்குகிற பிள்ளைக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 2011 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் ஜ்வாலா கட்டா–அஷ்வினி பொன்னப்பா வெண்கலம் வாங்கும்வரை டபுள்ஸ் என்றாலே இங்கே இளப்பம்தான். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்ஸில் குரூப்பில் இரண்டு வெற்றி பெற்றும் புள்ளி வித்தியாசத்தில் கால் இறுதி நழுவியது. கிரேசியா நீக்கப்பட்ட அதே ஒலிம்பிக்ஸ், அதே பிரிவு. அஷ்வினியின் வரலாற்றைத் தனியாகப் பாருங்கள். ஜ்வாலாவோடு இரண்டு ஒலிம்பிக்ஸ். பிறகு சிக்கி ரெட்டியோடு 2018 காமன்வெல்த் வெண்கலம், ஆனால் டோக்கியோவுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு தன்னை விடப் பதின்மூன்று, பதினான்கு வயது சின்னவரான தனிஷாவோடு மறுபடி அடித்தளத்திலிருந்து தொடங்கி, 34 வயதில் பாரிஸ். அங்கே மூன்று ஆட்டமும் தோல்வி. அதை வைத்து அவரை எடைபோடுகிறவர்களுக்கு டபுள்ஸ் தெரியாது.

சாத்விக்சாய்ராஜ்–சிராக் ஷெட்டி இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். இருவரும் பின்கோர்ட்டில் நின்று அடித்தே பழகியவர்கள். மலேசியக் கோச் டான் கிம் ஹெர் இந்த இரண்டு அடிதடிக்காரர்களையும் ஒன்றாக நிறுத்தியபோது, முன்கோர்ட்டை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அதைக் கற்றுக்கொள்ளவே சில வருடம் பிடித்தது. டோக்கியோவில் தைவானின் லீ யாங்–வாங் சி-லின் ஜோடியைக் குரூப்பில் வென்றார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. ஆனாலும் கேம் வித்தியாசத்தில் வெளியே. இவர்களிடம் தோற்ற லீ–வாங் அந்தத் தங்கத்தையே வாங்கினார்கள், பாரிஸிலும் வாங்கினார்கள், லீ யாங் 2025-இல் தைவானின் விளையாட்டுத் துறை அமைச்சரும் ஆனார். நம் ஜோடி ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையின் 2022 இறுதியில் ஜெயித்துக் கொடுத்தது, 2023-இல் ஆசிய சாம்பியன், இந்தோனேசியா ஓபன், ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தங்கம், உலக முதலிடம். மலேசியாவின் சியா–சோ ஜோடியிடம் வரிசையாக எட்டு முறை தோற்றபின் அந்த இந்தோனேசியா ஓபன் இறுதியில்தான் முதல் வெற்றி. எட்டுத் தோல்விக்குப் பிறகும் பிரியாமல் இருந்தார்கள், பிரிக்காமலும் விட்டார்கள். இந்தியாவில் அது அபூர்வம். நம் அகாடமிகளில் இரண்டு டோர்னமென்ட் போனதுமே "பார்ட்னரை மாத்துங்க சார்" என்று பெற்றோரே வந்து நிற்பார்கள்.

தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டுமென்றால் மலேசியாவின் தீனா முரளிதரன். பேர்லி டானோடு 2022 காமன்வெல்த் தங்கம், 2024 பாரிஸில் நான்காமிடம், 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. பெண்கள் டபுள்ஸில் ஒலிம்பிக் அரையிறுதி வரை போன முதல் மலேசிய ஜோடி இவர்கள். பாரிஸில் வெண்கலப் போட்டி ஒருதலையாகத்தான் போனது. மறு ஆண்டே உலக இறுதி. தமிழ்நாட்டிலிருந்து ஹரிஹரன் அம்சகருணன் ஆண்கள் டபுள்ஸில் சர்வதேச அளவில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் மகள். 14 வயதில் சிங்கிள்ஸை விட்டுவிடச் சொல்லாதீர்கள். அந்த வயதில் சிங்கிள்ஸ் தருகிற கால்வேலையும் மூச்சும் வேறெதிலும் வராது. 16, 17 வரை இரண்டும் ஆடட்டும், டபுள்ஸுக்கு முன்னுரிமை கொடுத்து. பார்ட்னரைச் சிநேகிதத்தையோ பெற்றோர் பழக்கத்தையோ வைத்து முடிவு பண்ணாதீர்கள். இவள் முன்னே நின்று ஆடுகிறவள் என்றால் பின்னால் அடிக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும். ஒரு வருடம் ஒரே ஜோடியாக விட்டுப் பாருங்கள், முடிவு எதுவானாலும்.

அடுத்த டோர்னமென்ட்டில் ஸ்கோரைப் பார்க்காமல் இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். குட்டைச் சர்வீஸை ரிசீவ் பண்ணும்போது அவள் காக்கை வலைக்கு மேலேயே தொடுகிறாளா, அல்லது கீழே இறங்கவிட்டுத் தூக்குகிறாளா? அடுத்தது, 19-19-இல் பார்ட்னர் சர்வீஸை வலையில் அடித்துவிட்டால் இவள் என்ன செய்கிறாள்? முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா, இல்லை கிட்டே போய் ராக்கெட்டைத் தட்டிவிட்டு வருகிறாளா? முதலாவதைக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவதை 14 வயதுக்குமேல் கற்றுக்கொடுப்பது கஷ்டம்.

கோச்சிடமும் ஒன்று கேளுங்கள்: டபுள்ஸுக்கென்று தனி செஷன் இருக்கிறதா? சர்வீஸ் மட்டும் தினம் எத்தனை போடவைக்கிறார், ஒரே நேரத்தில் பல காக் வீசி இரண்டு பேரையும் சுற்றி வரவைக்கும் பயிற்சி உண்டா, ஒரு பெண் ஜோடிக்கு எதிராக இரண்டு பையன்களை அடிக்கவிட்டுத் தற்காப்பு பழக்குகிறாரா என்று விசாரியுங்கள். பல அகாடமிகளில் டபுள்ஸ் என்பது கோர்ட் பற்றாக்குறைக்குக் கடைசி அரைமணி நாலு பேரை இறக்கிவிடுவதுதான். உங்களுடையதும் அப்படியென்றால் கோச் சொன்ன யோசனை சரி, இடம்தான் சரியில்லை. டபுள்ஸ் ஆடிய ஒருவர் நடத்துகிற இடமாகத் தேடுங்கள்.